கடைப் பெயர், லோகோ, பொன்ட்: எது யாருடையது? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் புடவைக்கடை திறக்கிறவரும் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்கிறவரும் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "பெயரைப் பதிந்துவிட்டேன், அப்ப லோகோவும் என்னுடையதுதானே?" பல வேளைகளில் இல்லை. ஒரு பெயர்ப்பலகையில் நான்கு விஷயங்கள் சேர்ந்து இருக்கின்றன: சொல், எழுத்தின் வடிவம், அந்த எழுத்தைத் தந்த பொன்ட் கோப்பு, கடைசியாக வரைந்து முடித்த லோகோ. இலங்கையில் இவை எல்லாவற்றுக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் அதில் வேறு வேறு பகுதி, வேறு வேறு கால எல்லை. இங்கே தருவது பொது விளக்கம். கடிதம் ஏதாவது வந்திருந்தால் இதை மூடிவைத்துவிட்டுச் சட்டத்தரணியிடம் போங்கள்.

என் கடைப் பெயருக்குப் பதிப்புரிமை உண்டா?

இல்லை. தனிச் சொல்லோ பெயரோ பதிப்புரிமைக்குள் அடங்காது, நீங்களே இருந்து யோசித்து உருவாக்கிய புதுச் சொல்லாக இருந்தாலும். இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது எக்ஸொன் வழக்கு. அந்த எண்ணெய்க் கம்பனி தன் பெயரைத் தேடிப்பிடிக்கப் பெரும் ஆராய்ச்சியே செய்திருந்தது. வேறொரு காப்புறுதி நிறுவனம் அதே பெயரை வைத்துக்கொண்டபோது, "இது நாங்கள் படைத்த சொல், எங்கள் இலக்கியப் படைப்பு" என்று 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வாதாடியது. ஒரு படைப்பு என்றால் அது ஏதாவது தகவல் தரவேண்டும், வழி சொல்லவேண்டும், அல்லது வாசிக்கிறவருக்கு இன்பமாவது தரவேண்டும். இந்தச் சொல் மூன்றையும் செய்யவில்லை என்று நீதிமன்றம் பதிப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. ஆனால் அந்தக் கம்பனி வெறுங்கையோடு திரும்பவில்லை. மற்றவர் தன் பெயரில் வியாபாரம் செய்து மக்களை ஏமாற்றுகிறார் என்ற வாதத்தில் தடை உத்தரவு வாங்கியது.

எங்கள் நீதிமன்றங்கள் இங்கிலாந்துத் தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனாலும் இப்படியான விஷயங்களில் அவற்றுக்குக் காது கொடுப்பது வழக்கம். ஆகவே பெயரைக் காக்க வியாபாரக் குறியை (ட்ரேட் மார்க்) பதியுங்கள், பதிப்புரிமையை நம்பாதீர்கள்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்த சான்றிதழ் இருக்கிறதே?

வங்கிக் கணக்குத் திறக்க அது உதவும். அதே பெயரை இன்னொருவர் பொருளில் ஒட்டி விற்பதைத் தடுக்கும் வியாபாரக் குறி உரிமையை அது தராது. அதற்கு டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில், சமாகம் மெதுர கட்டடத்தில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும்.

பதிந்தால் எவ்வளவு காலத்துக்கு?

வியாபாரக் குறிக்கு 10 ஆண்டுகள். பிறகு பத்துப் பத்தாண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவே இல்லை. பதிப்புரிமை படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும். பிரயோகக் கலைப் படைப்பு, அதாவது பாவனைப் பொருளில் ஏறும் கலை என்றால் ஆக்கிய நாளிலிருந்து 25 ஆண்டுகள்தான். கைத்தொழில் வடிவமைப்பு, அதாவது பொருளின் வெளித்தோற்றத்துக்கான பதிவு 5 ஆண்டுகள், இரண்டு தரம் நீடிக்கலாம், மொத்தம் 15.

இந்தக் கணக்கைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஒரே லோகோ குறி என்ற வகையில் என்றென்றைக்கும் உயிரோடு இருக்கலாம், சித்திரம் என்ற வகையில் ஒரு நாள் எல்லோருக்கும் பொதுவாகிவிடலாம். சட்டங்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களில் பாதி இந்தக் கால வித்தியாசத்தில்தான் தொடங்குகின்றன.

தமிழ் எழுத்தின் வடிவத்தை யாராவது சொந்தம் கொண்டாட முடியுமா?

அகரத்தையும் ழகரத்தையும் ஒருவரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் 'ழ'வின் வாலை எங்கே மடிப்பது, 'ண'வின் சுழிகளுக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது, 'கூ'வின் கால் அடுத்த எழுத்தில் இடிக்காமல் எப்படி நிறுத்துவது என்று மாதக்கணக்கில் இருந்து ஒருவர் முழு எழுத்துத் தொகுதியையும் வரைகிறார். அது அவருடையதா? இங்கேதான் நாட்டுக்கு நாடு சட்டம் பிரிகிறது.

அமெரிக்காவில் எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. எல்ட்ரா எதிர் ரிங்கர் வழக்கில் 1978இல் அது உறுதியானது. எழுத்து என்பது பயன்பாட்டுக்கான கருவி, அதன் அழகைப் பயன்பாட்டிலிருந்து பிரிக்க முடியாது என்பது அங்கத்தைய நியாயம். பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து வடிவத்தைக் கலைப் படைப்பாக ஏற்கிறது. ஆனால் அதை வைத்துத் தட்டச்சுச் செய்வதும் அச்சடிப்பதும் மீறல் இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. சந்தைக்கு வந்து 25 ஆண்டுகள் கழிந்தால் அந்தப் பாதுகாப்பும் தேய்ந்துவிடும். உலகம் முழுவதற்கும் ஒரே விதி வைக்க 1973இல் வியன்னாவில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். போதிய நாடுகள் சேராததால் அது நடைமுறைக்கு வரவே இல்லை.

எங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு பாதுகாக்கப்படும் படைப்புகளை வரிசைப்படுத்துகிறது: நூல், கணினி நிரல், இசை, சித்திரம், சிற்பம், கட்டடக்கலை, புகைப்படம், பிரயோகக் கலை என்று போகிறது. எழுத்துருவுக்கென்று அதில் தனி வரி இல்லை. ஆகவே உரிமை கேட்கிறவர் சித்திரம் என்றோ பிரயோகக் கலை என்றோ வாதாடித்தான் உள்ளே நுழையவேண்டும். என் கணிப்பில், சாதாரண வாசிப்பு எழுத்துருவுக்கு அந்த வாதம் பலவீனமானது. மயில் தோகையும் தாமரை இதழுமாக வரைந்த அலங்கார எழுத்துக்குப் பலமானது. எழுத்துரு செய்கிறவர்கள் வெளியிடுவதற்கு முன்பே கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவது பற்றியும் விசாரிக்கலாம். வெளியிட்டுவிட்டுப் போனால் "இது புதியதா?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

அப்படியென்றால் பொன்ட் கோப்பை யாரும் பிரதி எடுக்கலாமா?

கூடாது. கோப்பு வேறு, வடிவம் வேறு. கணினிக்குள் இருக்கும் பொன்ட் ஒரு நிரல், கணினி நிரல்களுக்கு எங்கள் சட்டத்தில் பதிப்புரிமை தெளிவாகவே உண்டு. வடிவத்துக்கு உரிமை கொடுக்காத அமெரிக்காவிலேயே 1998இல் அடோபி நிறுவனம் சதர்ன் சொப்ட்வெயர் என்ற நிறுவனத்துக்கு எதிராக இதே வாதத்தில் வென்றது. அடோபியின் கோப்பைத் திறந்து, எழுத்தின் புள்ளிகளைச் சற்றே நகர்த்தி, வேறு பெயரில் விற்றதுதான் அங்கே குற்றமாகப் பட்டது.

பொன்ட்டின் பெயரும் வியாபாரக் குறியாமே?

ஆம். ஹெல்வெற்றிகா என்ற பெயர் பதிந்த குறி. 1957இல் சுவிற்சர்லாந்தில் பிறந்த அந்த எழுத்தை ஒத்த வடிவத்தை வேறொரு நிறுவனம் சுவிஸ் 721 என்ற பெயரில் வெளியிட்டது. வடிவத்தைத் தொட முடிந்தவர்களால் பெயரைத் தொட முடியவில்லை. 1982இல் வந்த ஏரியல், ஹெல்வெற்றிகாவின் எழுத்து அகலங்களை அப்படியே வைத்துக்கொண்டு வடிவத்தை மட்டும் மாற்றியது. நீங்கள் எழுத்துரு செய்து விற்பதாக இருந்தால் இது முக்கியம். லோகோ மட்டும் செய்கிறவருக்கு இதனால் தலையிடி இல்லை.

கேர்வ் ஆக்கிவிட்டால் பொன்ட் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார்களே?

கோரல் டிரோ என்ற வரையும் மென்பொருள் திறந்திருக்கும் எல்லா அச்சகத்திலும் இந்தப் பேச்சு உண்டு. பாதிதான் சரி. எழுத்தைக் கேர்வ் ஆக்கியதும் அங்கே பொன்ட் கோப்பு இல்லை, வெறும் கோடுகள்தான். அச்சகத்துக்கு அனுப்பும்போது கோப்பைப் பிரதி செய்து கொடுக்கும் குற்றம் அதனால் நீங்கும். ஆனால் பொன்ட்டை இறக்கியபோது நீங்கள் சம்மதம் சொன்ன லைசென்ஸ் ஓர் ஒப்பந்தம். "சொந்தப் பாவனைக்கு மட்டும்" என்றோ "லோகோவுக்குத் தனிக் கட்டணம்" என்றோ அதில் இருந்தால், கேர்வ் ஆக்கினாலும் ஒப்பந்தம் உங்களை விடாது. இலவசமாக இறக்கும் அலங்கார எழுத்துகள் பலவற்றில் அந்த வரி இருக்கும். கோப்போடு வரும் சின்ன உரைக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

பொன்ட்டுக்காக லோகோவையே மாற்றிய கதை உண்மையில் உண்டா?

உண்டு, அதுவும் சிரிப்பும் பரிதாபமும் கலந்தது. இணையத்தில் பதிப்புரிமை மீறுகிறவர்களைப் பிடிக்க பிரான்ஸ் அரசு ஹடோப்பி என்ற அதிகாரசபையை (மேலே சொன்ன அடோபி நிறுவனம் அல்ல) உருவாக்கியது. 2010 ஜனவரியில் அதன் லோகோவை வெளியிட்டார்கள். எழுத்து வடிவமைப்பாளர் ஜான் பிரான்சுவா போர்ஷே அதைக் கண்டவுடனே கண்டுபிடித்துவிட்டார்: பிரான்ஸ் டெலிகொம் நிறுவனத்துக்கு மட்டுமென்று அவர் வரைந்து கொடுத்த 'பியான்வெனு' என்ற எழுத்துரு அது. வெளியில் விற்பனைக்கே இல்லாத பொன்ட். திருட்டைத் தடுக்க வந்த சபையின் பெயர்ப்பலகையே அனுமதியில்லாத எழுத்தில் நின்றது. லோகோவை வேறு எழுத்தில் செய்து மறுபடி வெளியிட்டார்கள்.

2016இல் அமெரிக்காவில் பொன்ட் பிரதர்ஸ் என்ற விற்பனை நிறுவனம், மை லிட்டில் போனி பொம்மைகளின் பெயரில் ஜெனரேஷன் பி என்ற தங்கள் எழுத்துரு உரிய லைசென்ஸ் இல்லாமல் பாவிக்கப்பட்டது என்று ஹஸ்ப்ரோ நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டது. சொல் ஹஸ்ப்ரோவின் குறிதான், அதில் தகராறே இல்லை. சண்டை, சொல்லை எழுதிய எழுத்தைப் பற்றியது.

பாமினியில் செய்த லோகோ என்னாகும்?

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பென் டிரைவிலிருந்து பென் டிரைவுக்கு ஏறி ஒரு தலைமுறை அச்சுத் தொழிலையே ஓட்டிய எழுத்து அது. அந்த ஓட்டத்தில் லைசென்ஸ் தாள் எதுவும் கூட வருவதில்லை. நானாக இருந்தால் பழைய கல்யாணக் கார்ட்டுக்குக் கவலைப்பட மாட்டேன். பதியப்போகும் குறியை மட்டும் உரிமை தெளிவான எழுத்துக்கு மாற்றுவேன்.

இன்னொரு தொல்லை இதோடு சேர்ந்தது. பாமினியில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் அகரம் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே படிவத்திலோ மின்னஞ்சலிலோ அதை ஒட்டினால், பொன்ட் இல்லாத கணினியில் உங்கள் கடைப் பெயர் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகத் தெரியும். பெயரை எந்தக் கணினியிலும் சரியாகத் தெரியும் யூனிகோட் முறையில் தட்டுங்கள். லோகோவைப் படமாகவே கொடுங்கள்.

எந்தத் தமிழ் எழுத்துருவை நம்பி லோகோவுக்கு எடுக்கலாம்?

எஸ்ஐஎல் என்ற அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவை நல்ல தொடக்கம். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர், மீரா இனிமை, பவனம் எல்லாம் அந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வியாபாரத்துக்குப் பாவிக்கலாம், லோகோ செய்யலாம், கேட்கவேண்டியதில்லை. பொன்ட்டை மட்டும் தனியாக விற்கக்கூடாது. மாற்றம் செய்து வெளியிட்டால், ஒதுக்கி வைத்த பெயர் ஏதும் இருந்தால் அதைத் தவிர்க்கவேண்டும்.

எங்கள் ஊரிலேயே பிறந்த நல்ல உதாரணங்களும் உண்டு. மூனியக் குழுவினர் வெளியிட்ட 'போஸ்ட் நோ பில்ஸ்' என்ற ஸ்டென்சில் எழுத்துருவில் சிங்களத்துக்குக் கொழும்பு என்றும் தமிழுக்கு ஜெஃப்னா என்றும் பெயர். சிங்களத்தில் எங்கும் புழங்கிய எஃப்எம் அபய எழுத்து, அபய லிப்ரே என்று யூனிகோட்டில் திறந்த உரிமத்தில் வந்திருக்கிறது. பாமினிக்கும் இப்படியொரு வழி பிறந்தால் கொட்டாஞ்சேனை அச்சகங்கள் பல நிம்மதியாக மூச்சுவிடும்.

ஒன்றை யோசியுங்கள். திறந்த எழுத்துருவை அப்படியே தட்டி லோகோ என்று வைத்தால், அதே எழுத்தை அடுத்த கடைக்காரரும் வைக்கலாம், அதைத் தடுக்க உங்களுக்கு வழியில்லை. உங்கள் குறியில் காக்கக்கூடியது சொல் மட்டும்தான். 'ந'வின் வளைவில் ஒரு தோட்டை மாட்டிவிட்டாலோ, 'லை'யின் கொம்பை இழுத்து மற்ற எழுத்துகளுக்கு மேலே கூரையாகப் போட்டாலோ, அந்த வரைந்த பகுதி உங்களுடையதாகிறது.

கன்வா என்ற இணைய வடிவமைப்புத் தளத்தில் செய்த லோகோவைப் பதியலாமா?

வார்ப்புருவில் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் வேண்டாம். அங்கே உள்ள படங்களும் வார்ப்புருக்களும் உங்களுக்கு மட்டும் தரப்பட்டவை அல்ல, அவற்றை வியாபாரக் குறியாகப் பதிய கன்வாவின் விதிகளே இடம் தருவதில்லை. வெறும் பக்கத்தில் தொடங்கி, கோடு, அடிப்படை வடிவம், எழுத்து ஆகியவற்றை மட்டும் வைத்துச் செய்திருந்தால் தடையில்லை. அதே தேயிலைக் கொழுந்துப் படத்தோடு கொழும்பில் எத்தனை கடைகள் இருக்கின்றன என்று தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும்.

டிசைனருக்குக் காசு கொடுத்தாயிற்று. லோகோ எனக்குத்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் முகம் வாடும். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பொருளாதார உரிமை உங்களுக்கு. வெளியில் இருந்து காசுக்கு வரைந்து கொடுத்தவர் உங்கள் ஊழியர் இல்லை. பில்லைத் தீர்த்ததால் மட்டும் பதிப்புரிமை கைமாறாது. உரிமையை மாற்றுவதோ லைசென்ஸ் கொடுப்பதோ எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திடவேண்டும் என்கிறது சட்டம். வட்ஸ்அப்பில் வந்த "ஓகே அண்ணா, எடுத்துக்கொள்ளுங்கோ" அந்த வேலையைச் செய்யும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

இது வியாபாரக் குறிப் பதிவையே கவிழ்க்கலாம். மூன்றாம் ஆளின் உரிமையை மீறும் குறியைப் பதியக்கூடாது என்பது 104ஆம் பிரிவு. விண்ணப்பம் ஏற்கப்பட்டு வர்த்தமானியில் வெளிவந்தால் ஆட்சேபிக்க 3 மாதம் இருக்கிறது. கோபித்துக்கொண்டு போன டிசைனர் அந்த 3 மாதத்துக்குள் தன் மூல வரைபைத் தூக்கிக்கொண்டு வரலாம். பதிந்த பின்பும் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் திறந்தே இருக்கிறது.

எழுத்தில் வாங்கும்போது மூன்று விஷயத்தைச் சேர்த்து வாங்குங்கள்: பொருளாதார உரிமை முழுவதும் மாறுகிறது என்ற வரி, பாவித்த பொன்ட்டின் பெயரும் லைசென்ஸும், திருத்தக்கூடிய மூலக் கோப்பு. உரிமையை எழுதிக் கொடுத்த பின்பும் படைத்தவர் என்ற பெயர் டிசைனருக்கு உண்டு, அதைச் சட்டம் ஒழுக்க உரிமை என்று தனியாக வைத்திருக்கிறது. அவர் தன் வேலைகளின் தொகுப்பில் உங்கள் லோகோவைக் காட்டினால் சண்டைக்குப் போகாதீர்கள்.

கொக்கா கோலா எழுத்து மாதிரி ஊர்ப் பெயரை எழுதி டீசேர்ட் அடிக்கலாமா?

அந்தச் சாய்வெழுத்து அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் கணக்குப்பிள்ளைகள் எழுதிய ஸ்பென்சர் பாணிக் கையெழுத்திலிருந்து வந்தது. அந்தப் பாணி யாருக்கும் சொந்தமில்லை. இணையத்தில் அதைப் போன்ற பொன்ட்டும் கிடைக்கிறது. ஆனால் சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் அந்த அலையையும் போட்டு விற்றால், பார்க்கிறவருக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு கம்பனிதான். பதிப்புரிமையில் தப்பினாலும் நன்கறியப்பட்ட குறி என்ற இடத்தில் மாட்டுவீர்கள். புறக்கோட்டையில் நாளாந்தம் விற்கிறார்கள் என்பது பதில் ஆகாது.

பதிப்புரிமை முடிந்த பிறகு வியாபாரக் குறியை வைத்துத் தடுக்க முடியுமா?

ஓரளவுக்கு. 1928இல் வந்த முதல் மிக்கி மவுஸ் படத்தின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1இல் முடிந்தது. அந்தப் பழைய மிக்கியை அங்கே யாரும் வரையலாம், கதை எழுதலாம். அதை டிஸ்னியின் பொருள் என்று நம்பவைக்கும் விதத்தில் பெட்டியில் ஒட்டினால் குறிச் சட்டம் குறுக்கே வரும். பதிப்புரிமை முடிந்ததைக் குறிச் சட்டத்தால் மறுபடி பூட்ட முடியாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2003இல் டாஸ்டார் வழக்கில் சொல்லியிருக்கிறது.

எதிர்ப்பக்கமாகவும் முயன்றிருக்கிறார்கள், இது இறக்குமதிக்காரருக்கு. ஒமேகா தன் கைக்கடிகாரத்தின் பின்புறத்தில் ஒரு சின்னப் பூகோளப் படத்தைப் பொறித்து, அதற்குப் பதிப்புரிமை எடுத்து, வேறு நாட்டில் வாங்கி அமெரிக்காவில் மலிவாக விற்ற கொஸ்ட்கோவைத் தடுக்கப் பார்த்தது. 2015இல் தோற்றது. கனடாவில் கிராஃப்ட் நிறுவனம் டொப்ளரோன் கரடிக்கும் கோட் டோர் யானைக்கும் பதிப்புரிமை கோரி, ஐரோப்பாவிலிருந்து அசல் சொக்கலேட்டைக் கொண்டுவந்தவரைத் தடுக்கப் போனது. 2007இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் வெவ்வேறு காரணம் சொன்னாலும், வென்றவர் இறக்குமதிக்காரர்தான். எனக்கு இதில் சந்தோஷமே. உறையில் ஒட்டியிருக்கும் சின்னப் படத்துக்காக உள்ளே இருக்கும் முழுப் பொருளையும் நிறுத்த முடிந்தால், புறக்கோட்டையில் பாதிக் கடை மூடவேண்டி வரும்.

கவிதை வரியைச் சுலோகமாக வைக்கலாமா?

யாருடைய வரி என்று பாருங்கள். பாரதியார் 1921இல் மறைந்தார், விபுலாநந்த அடிகள் 1947இல். இருவருக்கும் 70 ஆண்டுகள் கடந்துவிட்டன. உயிரோடு இருக்கும் பாடலாசிரியரின் வரி வேறு விஷயம், கேட்டு வாங்குங்கள். திருக்குறளைக் குறியாகப் பதிந்து, இன்னொருவர் சுவரில் அதே குறளை எழுதக்கூடாது என்று சொல்லும் எண்ணம் இருந்தால், அந்த விண்ணப்பக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் வேறு பெயரை என் எழுத்துப் பாணியில், என் நிறத்தில் போட்டிருக்கிறார். என்ன செய்யலாம்?

எழுத்துப் பாணி மட்டும் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. பெயர், நிறம், எழுத்து, பெட்டியின் அமைப்பு எல்லாம் சேர்ந்து வாடிக்கையாளரைக் குழப்புகிறது என்றால் 160ஆம் பிரிவின் நியாயமற்ற போட்டி உங்களுக்கு உதவலாம், குறி பதிந்திருக்காவிட்டாலும்கூட. தவறுதலாக அங்கே போன வாடிக்கையாளரின் செய்தி, மாறிக் கொடுக்கப்பட்ட பில், இரண்டு பலகையும் ஒரே படத்தில் தெரியும் திகதியிட்ட புகைப்படம் என்று சேர்த்து வையுங்கள்.

கடைசியாக, சொல்லைப் பதிவதா, லோகோவைப் பதிவதா?

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், சொல் தனித்துவமானதாக இருந்தால், வெறும் எழுத்தில் சொல்லைப் பதியுங்கள். நாளைக்குப் பொன்ட் தகராறு வந்து லோகோவை மாற்றினாலும் பதிவு நிற்கும். 'சைவ உணவகம்', 'தூய தேங்காய் எண்ணெய்' போன்ற பொதுச் சொற்களைத் தனியாகப் பதிய விடமாட்டார்கள். அப்படியானவர்கள் வரைந்த லோகோவைத்தான் நம்பவேண்டும், ஆகவே டிசைனரிடம் கையெழுத்து வாங்குவது அவர்களுக்கு இரட்டிப்பு அவசரம். விண்ணப்பம் போடுவதற்கு முன் அலுவலகத்தில் அதே வகுப்பில் தேடல் செய்வியுங்கள், பிறகு பலகைக்கு முற்பணம் கொடுங்கள்.